கால் வடை அபராதம்

சேதி வந்தபோது என் கையில் பாதி ஆமவடை இருந்தது. இதை மறைத்துவிட்டு ஜெயக்கனி அக்காவைப் பற்றி எழுதினால், "ஏளா, முதல் உண்மையையே முழுங்கிட்டியே" என்று மேலே இருந்து கேட்பார். அதனால் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை, தூத்துக்குடியில் கோர்ட்டுக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவில் இருக்கும் செல்லையா அண்ணாச்சியின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெஞ்சு அக்காவுக்கானது. அவர் ஞாயிற்றுக்கிழமை நாசரேத்தில் அசன விருந்துக்குப் போயிருந்தார். சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்தை அக்கா எந்த வருடமும் விட்டதில்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நேரே கோர்ட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

சாமுவேல் சார் போனில் கூப்பிட்டார். அக்காவின் வீட்டுக்காரர்; பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; அளந்துதான் பேசுவார். "வல்லி, அக்கா போயிட்டாம்மா" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். எங்கேயாவது போய்க்கொண்டே இருக்கும் ஆளைப் பற்றி வேறு என்ன கேட்பது?  சார், "விடியக்காலையில நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு" என்றார். முந்தின நாள் பந்தியில் குழம்பு ஊற்றுகிறவர்கள் வரிசையைத் தவறவிடுகிறார்கள் என்று சண்டை போட்டு, அந்தச் சண்டையில் ஜெயித்து, பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாராம். அதையும் சார் சொன்னார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கடைசியாகப் போட்ட வழக்கு அதுதான். தீர்ப்பு அவர் பக்கம்.

உங்களில் பலருக்கு அவரைக் கோர்ட்டில் தெரியும். கறுப்புக் கோட்டும், காலில் ரப்பர் செருப்பும், மூன்று வராந்தா தாண்டிக் கேட்கும் குரலுமாக. ஆனால் அந்தக் கோட்டைப் போடுவதற்கு முன்னால் இருபது வருடம் அவர் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தார். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் தாக்கல் செய்து, கட்ட வேண்டியதைக் கட்டி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. ஸ்ரீவைகுண்டத்தில் வயல்காட்டுக் குடும்பத்தில் பிறந்த நான், பட்டம் வாங்கிய கையோடு அதே ஆபீசில் போய்ச் சேர்ந்தேன். என் மேஜைக்கு எதிர் மேஜை அக்காவுடையது. முதல் நாளே, "வயக்காட்டுக்காரியா நீ? அப்போ பொறுமை இருக்கும். எனக்கு இல்ல. நீ எனக்கும் சேத்து வச்சிக்கோ" என்றார். என்ன அநியாயம் பாருங்கள். எனக்குப் பொறுமை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் மூக்குக்கு மேல்தான் கோபம்.

அக்காவுக்கு வக்கீலாகும் ஆசை சின்ன வயதில் வந்ததில்லை. நாற்பத்தேழாவது வயதில், சென்னையில் ஒரு தீர்ப்பாயத்தில், ஒரு நாற்காலியில் வைத்து வந்தது. எங்கள் ஆபீஸ் பார்த்த ஒரு சரக்கு பற்றிய வழக்கு அங்கே நடந்தது. விவரம் எல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும் என்பதால், ஃபைலோடு அவரை வக்கீலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். "சரக்கு எந்தத் தேதியில் இறங்கியது?" என்று மேலே, விசாரணை மேடையில் இருந்தவர் கேட்டார். அக்கா பின்னால் இருந்து முணுமுணுத்தார். வக்கீல் கப்பல் வந்த தேதியைச் சொன்னார். கப்பல் வந்த தேதி வேறு, சரக்கு இறங்கிய தேதி வேறு. அக்கா இன்னும் கொஞ்சம் சத்தமாக முணுமுணுத்தார். வக்கீல் மறுபடியும் பாதியைத்தான் பிடித்தார். மேலே இருந்தவர் அக்காவைப் பார்த்து, "அந்த அம்மாவையே சொல்லச் சொல்லுங்களேன். அவங்க வக்கீலா?" என்று கேட்டார். அக்கா பாதி எழுந்துவிட்டார். இல்லை என்றதும், "அப்படியானால் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆபீசுக்கு வந்த அக்கா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "பதில் என் வாயில இருக்கு. ஆனா என் வாயால சொல்லக் கூடாதாம். பின் சீட்டுல உக்காந்து முணுமுணுத்தது போதும்ளா. நான் எந்திரிச்சி நின்னு பேசணும்" என்றார். பட்டதாரிகளுக்கான மூன்று வருடச் சட்டப் படிப்பு ஒன்றை அவரே தேடிக் கண்டுபிடித்திருந்தார். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. வயது வரம்பு இல்லை. மகன் அந்த வருடம்தான் இன்ஜினியரிங் சேர்ந்து வெளியூர் போயிருந்தான். சாமுவேல் சார், சமைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று சம்மதம் சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவதான் எழுதுவேன். கிடைக்கலன்னா, கர்த்தர் எனக்குப் பின் சீட்டுதான் வச்சிருக்காருன்னு வாய மூடிக்கிடுவேன்" என்றார் அக்கா. அவர் வாயை மூடிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கே மூச்சு முட்டியது. நானும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். துணைக்கு என்றுதான் சொன்னேன். அக்கா மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்ததும் உண்மை.

அவருக்கு நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். எனக்குக் கணக்கு வரும். அவர் எனக்குப் பத்தி பத்தியாக ஆங்கிலம் படித்துக் காட்டுவார். நான் அவருக்குச் சதவீதமும் விகிதமும் போட்டுக் காட்டுவேன். இடைவேளையில் செல்லையா அண்ணாச்சி கடைதான் எங்கள் வகுப்பறை. முதல் மாதிரித் தேர்வை அங்கே வைத்துத்தான் எழுதினோம். திருத்திக் கூட்டும்போது, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பார்கள் என்று நான் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பாச் சொன்னா மார்க்கு போடமாட்டான், சரி. ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கதையும் எதுக்குப் பிடுங்குதான்?" என்று என்னிடம் சண்டை. நான்தான் அந்த விதியைப் போட்டது போல! வாய் வலித்துப்போய், அவர் தட்டில் இருந்த ஆமவடையில் கால் பங்கைப் பிய்த்து என் வாயில் போட்டுக்கொண்டேன். "இப்படித்தான்க்கா பிடுங்குவான்" என்றேன். அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். "இப்ப விளங்கிட்டு" என்றார்.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. தப்பான விடை ஒன்றுக்குக் கால் வடை அபராதம். தப்புச் செய்தவர் தன் கையாலேயே பிய்த்து எதிராளி தட்டில் வைக்க வேண்டும். முணுமுணுக்கக் கூடாது. தெரியாத கேள்வியைத் தொடாமல் விட்டால் வடை தப்பிக்கும். முதல் மாதம் முழுக்க அக்காவின் வடை என் வயிற்றுக்குள்தான் போனது. செல்லையா அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே, "எம்மா ஜெயக்கனி, ஒனக்கு இனிமே தட்டு எதுக்கு? நேரா வல்லிக்கே கொடுத்திருதேன்" என்று வம்புக்கு இழுப்பார்.

அக்காவுக்கு அறிவு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். விஷயம் நேர்மாறு. சட்ட அறிவுக் கேள்விகளில் ஒரு விதியைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு கதையைச் சொல்வார்கள். கொடுத்த விதியை மட்டும் வைத்து அந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நமக்கு வெளியில் தெரிந்த எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. மாடு வேலி தாண்டி மேய்ந்த கதை, பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்த கதை எல்லாம் அக்காவுக்குச் சரியாக வரும், ஏனென்றால் மாட்டைப் பற்றியும் சுவரைப் பற்றியும் அவருக்கு எதுவும் தெரியாது. கப்பல் வந்தால் போச்சு. "காகிதம் எதுவும் காட்டாத ஒருவரிடம் கப்பல் தலைவர் சரக்கைக் கொடுத்துவிட்டார்" என்று ஒரு கதை தொடங்கியதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"துறைமுகத்துல எந்த கேட்டுல விடுவான்?" என்றார்.

"யக்கா, கேள்விய முழுசாப் படிங்க."

"என்னத்தப் படிக்க? காகிதம் இல்லாம கேட்டத் தாண்ட முடியுமாளா? இந்தக் கேள்வி எழுதினவன் துறைமுகத்தக் கண்ணால பாத்திருக்கானா? அவன இங்கன வரச் சொல்லு, நான் கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன்."

கேள்வி எழுதினவரை எங்கே போய்க் கூப்பிடுவது? தலையில் அடித்துக்கொண்டேன். இருபது வருட அனுபவம் ஒவ்வொரு கப்பல் கேள்வியிலும் அவரிடம் கால் வடையைக் காவு வாங்கியது. இப்படியே போனால் தேர்வில் வேறு எதிலும் தோற்காமல், தனக்கு நன்றாகத் தெரிந்ததில் மட்டும் தோற்கப்போகிறார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் எழுதப்போவது ஒரே தடவை.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், "யக்கா, இது நம்ம ஊரே இல்ல. இது இல்லாதகுறிச்சி. அந்த ஊர்ல காகிதம் இல்லாமத்தான் சரக்கு விடுவாங்க. மாடு படி ஏறி மாடிக்கு வரும். அந்த ஊர்ச் சட்டம் அது. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கன்னத்தில் கை வைத்து யோசித்தார். "அந்த ஊர்ல துறைமுகம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "கஸ்டம்ஸ் ஆபீசரு?" அவரும் இருக்கிறார், ஆனால் எதையும் கேட்கமாட்டார் என்றேன். "நல்ல ஊரா இருக்கே!" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியைத் தொடங்கும் முன்னும் கண்ணை மூடிக்கொண்டு, "இல்லாதகுறிச்சி, இல்லாதகுறிச்சி" என்று ஜெபம் போலச் சொல்லிக்கொள்வார். கண்ணைத் திறந்தால் விடை சரியாக இருக்கும். மெல்ல மெல்ல அவர் தட்டில் வடை தங்க ஆரம்பித்தது. என் தட்டில்தான் குறைய ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் ஒரு சண்டை நடந்தது. பழைய கப்பல் சாமான் விற்கும் வியாபாரி ஒருவர், மூடிய மரப்பெட்டி ஒன்றைத் திறக்காமலே இன்னொருவருக்கு விற்றிருக்கிறார். வாங்கியவர் திறந்தால் உள்ளே நல்ல பித்தளை விளக்குகள். விற்றவர், விளக்கைத் திருப்பிக் கொடு என்று வந்து நிற்கிறார். எங்கள் முதலாளியிடம் நியாயம் கேட்க வந்தவர்கள், முதலாளி இல்லாததால் படிக்கட்டிலேயே கட்டிப்பிடித்து உருளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அக்கா இறங்கிப் போனார். "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உள்ள துருப்பிடிச்ச ஆணி இருந்திருந்தா, வாங்கின துட்டத் திருப்பிக் கொடுத்திருப்பியளா?" என்று விற்றவரைக் கேட்டார்.  "அந்தக் காலத்துல இங்கன முத்துக் குளிக்கும்போது சிப்பியத் திறக்காமத்தான ஏலம் விட்டாங்க? முத்து இருந்தாலும் வாங்கினவனுக்கு, வெறுஞ்சிப்பியா இருந்தாலும் வாங்கினவனுக்கு. நம்ம ஊர்ல பொறந்துட்டு இதுக்கு வழக்கா?" என்றார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே கலைந்து போனார்கள். நான் மாடியில் இருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணை யாராவது எழுந்து நின்று பேச விட வேண்டும் என்று தோன்றியது. தேர்வில் பாஸாகிவிட வேண்டுமே என்று அன்று எனக்காக வேண்டிக்கொண்டதைவிட அவருக்காகத்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

தேர்வு திருநெல்வேலியில். காலை பஸ்ஸில் அக்கா, நான், சாமுவேல் சார் கட்டிய புளியோதரைப் பொட்டலம், சாமுவேல் சார். தேர்வு மையத்து வாசலில் நின்ற இளைஞர் அக்காவை மட்டும் நிறுத்தினார். "பெற்றோர் எல்லாம் வெளியே நிற்கணும்மா."

"பெத்தவ வரல தம்பி. இது எழுத வந்தவ" என்று அக்கா தேர்வுச் சீட்டை நீட்டினார். அந்தப் பையன் சீட்டில் இருந்த படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "நல்லா எழுதுங்க, அத்தை" என்று சொல்லி வழி விட்டான். அக்காவுக்குப் பயங்கர குஷி. உள்ளே போகிற வழியில், "பாத்தியா, ஒரு ஓட்டு விழுந்திட்டு" என்றார்.

இனிமேல்தான் கூத்து. சட்டப் பகுதியில் பாதி தாண்டியதும் ஒரு கதை. கடற்கரையில் ஒருவர் ஒரு கூடை சிப்பி வாங்குகிறார். வீட்டுக்குப் போய்த் திறந்தால் உள்ளே ஒரு முத்து. விற்றவர் வந்து, முத்து எனக்கு என்கிறார். கொடுத்திருந்த விதி இதுதான்: விற்கும் நேரத்தில் இருவருக்குமே தெரியாமல் பொருளுக்குள் மறைந்திருந்தது விற்றவருக்கே சொந்தம். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும் விடை. விதிப்படி விற்றவருக்குத்தான். அதுவரை எந்தக் கேள்வியிலும் விதியை விட்டு இம்மியும் நகராதவள் நான். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்ததும் என் காதுக்குள் அக்காவின் குரல்: "வெறுஞ்சிப்பியா இருந்திருந்தா துட்டத் திருப்பிக் கொடுத்திருப்பானா?" கொடுத்திருக்க மாட்டான்தானே! அயோக்கியன்! வாங்கியவருக்கே என்று அழுத்திக் குறித்துவிட்டு, அடுத்த கேள்விக்கு நிம்மதியாகப் போனேன். நியாயத்தை நிலைநாட்டிய திருப்தி எனக்கு.

வெளியே வந்தபோது அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. புளியோதரையைத் தொடவில்லை. சாமுவேல் சார் தள்ளி நின்று கண்ணால் என்னிடம் சாடை காட்டினார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தச் சிப்பிக் கேள்வி இருந்துச்சுல்லா" என்றார். "கண்ண மூடிட்டு, இல்லாதகுறிச்சி, இல்லாதகுறிச்சின்னு சொல்லிப் பாத்தேன். போகமாட்டேங்கு. மறுபடியும் சொன்னேன். கடைசியில வித்தவனுக்குன்னு போட்டுட்டேன்ளா. ஊருக்கே துரோகம் பண்ணினாப்பல இருக்கு."

 அக்கா திரும்பிப் பார்த்தார். "நீ என்ன போட்ட?"

"வாங்கினவனுக்கு."

"ஏன்ளா!"

"உள்ள வெறுஞ்சிப்பியா இருந்தா திருப்பிக் கொடுத்திருப்பானாக்கா?"

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். என்ன சிரிப்பு அது! என் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே, "கூறுகெட்ட மூதி, ஒரு வருசமா எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு நீ போயி விழுந்திட்டியே" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சாமுவேல் சார் எதுவும் புரியாமல் இரண்டு பேருக்கும் புளியோதரையைப் பிரித்து வைத்தார். எல்லாவற்றையும் தின்று தீர்த்தோம்.

முடிவு வந்தது. அக்காவின் எண் பட்டியலில் இருந்தது. என் எண் இல்லை; ஒரு மயிரிழையில் கை நழுவியிருந்தது. அந்த ஒரு கேள்வியால்தான் போனது என்று நான் சொல்லமாட்டேன். கணக்கிலேயே இரண்டை அவசரத்தில் கோட்டை விட்டிருந்தேன். ஆனால் அக்கா அந்த ஒரு கேள்விதான் என்று முடிவு கட்டிவிட்டார். டீக்கடையில் வைத்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஒன்ன யாருளா என்ன மாதிரி யோசிக்கச் சொன்னா? நான் போகல. நீயும் நானும் சேந்துதான படிச்சோம். நீ இல்லாம நான் மட்டும் போயி என்ன செய்ய?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "போகலன்னா போங்க. மறுபடியும் மெட்ராஸ்ல போயி யாருக்காவது பின்னாடி உக்காந்து முணுமுணுங்க. எவனாவது ஒருத்தன் தப்புத் தேதியச் சொல்லட்டும். எனக்கு என்ன?" என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று முழுக்க எதிர் மேஜையில் இருந்து ஒரு சத்தம் இல்லை. ஜெயக்கனி அக்கா உட்கார்ந்திருக்கும் அறை அமைதியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சகிக்கவில்லை. மறுநாள் காலை கையில் ஒரு புது பிளாஸ்டிக் வாளியோடு ஆபீசுக்கு வந்தார். மேஜை மேல் டொக்கென்று வைத்தார். "ஹாஸ்டலுக்கு" என்றார். "அடுத்த வருசம் ஒனக்கும் இதே கலர்ல ஒண்ணு வாங்குதேன். சிப்பிய மறந்துட்டுப் படி."

இருபது வயதுப் பிள்ளைகளோடு விடுதியில் தங்கிப் படித்தார். மாவு புளித்துப்போன இட்லிக்கு எதிராக அந்த விடுதியில் நடந்த முதல் போராட்டம் அவர் தலைமையில்தான் என்று, அடுத்த வருடம் நான் தேர்வில் தேறி அங்கே போய்ச் சேர்ந்தபோது வார்டன் அம்மாவே என்னிடம் சொன்னார், குறையாகத்தான் சொன்னார். எனக்கு அக்கா சீனியர். என் வாளியும் அவருடையதைப் போலவே பச்சை நிறம். அதே கடையில் வாங்கியிருந்தார்.

படித்து முடித்துத் தூத்துக்குடிக்கே திரும்பி வந்து அவர் முதல் முதலாக ஒரு வழக்கில் எழுந்து நின்ற நாளில் நான் விடுமுறையில் இருந்தேன். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சரக்கு சேதமான வழக்கு. நீதிபதி கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சரக்கு எந்தத் தேதியில் இறங்கியது?"  அக்கா எழுந்தார். தேதியைச் சொன்னார். தேதியோடு நின்றாரா? கப்பலின் பெயர், அது எந்தத் தளத்தில் வந்து நின்றது, அன்று காலையில் பெய்த தூறல், தார்ப்பாயை யார் மூடியிருக்க வேண்டும், யார் மூடவில்லை என்று மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தார். நீதிபதி கையைக் காட்டினார். "தேதியை மட்டும் சொன்னால் போதும்மா."

"மன்னிக்கணும் ஐயா. ரொம்ப வருசமா உள்ளயே இருந்துட்டு" என்றார் அக்கா.

கோர்ட்டே சிரித்தது, நீதிபதியும் சிரித்துவிட்டார். மத்தியானம் செல்லையா அண்ணாச்சி கடையில் அக்கா உட்கார்ந்ததும், நான் கேட்காமலே தன் வடையில் கால் பங்கைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். "கேட்டதுக்கு மேல பேசிட்டேன்ல்லா" என்றார். அன்றிலிருந்து கோர்ட்டில் கேட்டதற்கு மேல் பேசினாலும் கால் வடை அபராதம் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஏழெட்டு வருடத்தில் அக்கா எனக்குக் கொடுத்த அபராதத்தில் என் எடை கூடியதுதான் மிச்சம். நானும் படித்து முடித்து வந்த பிறகு எங்கள் இருவர் பெயரும் ஒரே பலகையில் இருந்ததால், ஒருவர் பேசும்போது மற்றவர் பின்னால் ஃபைலோடு உட்காருவோம். "பின் சீட்டு யாருக்கும் நிரந்தரம் ஆகக் கூடாதுளா. மாறி மாறித்தான் உக்காரணும்" என்பார். எனக்கு உடம்பு சரியில்லை, நீங்களே பேசுங்கள் என்றாலும் விடமாட்டார். என் முறை என்றால் என் முறைதான். எதிர்த்தரப்பு வக்கீல் எதையாவது அளந்துவிட்டால் பின்னால் இருந்து மெல்ல, "இது என்ன இல்லாதகுறிச்சியா?" என்பார். மெல்ல என்று அவர் நினைத்துக்கொள்வார். முன்வரிசை முழுக்கக் கேட்கும்.

நாசரேத்தில் அடக்கம். துறைமுகக்காரர்கள், கோர்ட்டுக்காரர்கள், ஹாஸ்டலில் அவரோடு போராடிய பிள்ளைகள் என்று கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் இன்று நீதிபதிகளாக இருக்கிறார்கள். பித்தளை விளக்கு வாங்கியவர் வந்திருந்தார், விற்றவரும் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே காரில் வந்ததாகச் சொன்னார்கள். சாமுவேல் சார் என்னிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் அவருக்கும் முடியவில்லை, எனக்கும் முடியவில்லை.

அடக்கம் முடிந்த வாரமே ஒரு வழக்கு இருந்தது. உப்பளத்தில் கால் முறிந்த ஒருவருக்கு நஷ்ட ஈடு கேட்ட வழக்கு. அக்கா எடுத்தது, அக்காவின் முறை. நான் எழுந்து நின்றேன். பின்னால் நாற்காலி காலி. "சம்பவம் நடந்த அன்று இவர் வேலையில் இருந்தாரா?" என்று நீதிபதி கேட்டார். இருந்தார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நின்றிருக்க வேண்டும். நான் உப்பு வாரும் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதில் ஆரம்பித்தேன். வெயில், பாத்தி வரப்பு, வழுக்கல், அன்று மேற்பார்வைக்கு ஆளில்லாதது என்று போய்க்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நீதிபதி என்னை நிறுத்தவில்லை. முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "ஜெயக்கனி அம்மா வரலையேன்னு நினைச்சேன். வந்துட்டாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. உப்பளத்துக்காரர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்.

மத்தியானம் செல்லையா அண்ணாச்சி பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். என் வடையில் கால் பங்கைப் பிய்த்து எதிர்த் தட்டில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு முழு வடை இருந்தது. நான் பார்த்த வரையில், ஜெயக்கனி அக்காவின் தட்டில் வடை முழுசாக இருந்து அதற்கு மேலும் கால் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

அவர் போட்டிருந்த கோட்டை சார் வைத்திருக்கிறார். ஃபைல்கள் எங்கள் ஆபீசில் இருக்கின்றன. பலகையில் இரண்டு பெயரும் அப்படியே இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த அபராதத்தைத்தான். எதிர்த் தட்டுக்குக் கட்டிவிட்டு, மத்தியான வழக்குக்கு எழுந்து போனேன். அங்கேயும் கேட்டதற்கு மேல்தான் பேசினேன்.